தடுமாறும் பிட்சருக்கு என்ன விலை?

2004 ஜூலை 30, வெள்ளிக்கிழமை. அமெரிக்க பேஸ்பால் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு மறுநாள் முடிய இருந்தது. நியூயார்க் மெட்ஸ் அணி, ஸ்காட் காஸ்மியர் என்ற 20 வயது இடக்கை பிட்சரை டாம்பா பே டெவில் ரேஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, விக்டர் ஸம்ப்ரானோ என்ற 28 வயது வலக்கை பிட்சரை வாங்கிக்கொண்டது. இரண்டு பக்கமும் இன்னொரு பிட்சரும் கூடவே கைமாறினார். காஸ்மியர் அதுவரை மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசியதில்லை. ஸம்ப்ரானோ நான்காவது ஆண்டாக வீசிக்கொண்டிருந்தார். ஆனால் பந்து அவர் நினைத்த இடத்துக்குப் போவதாக இல்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்டில், அதே காஸ்மியர் தடுமாறும் பிட்சராக இருந்தார். டாம்பா பே அவரை ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்து, பெயர் தெரியாத இளைஞர்களை வாங்கியது. ஒரே மனிதர் தராசின் ஒரு தட்டில் நாற்றாக ஏறி, பிறகு மறு தட்டில் பூச்சி விழுந்த பயிராக ஏறினார். இப்படிப்பட்ட பேரங்களை எப்படி எடைபோடுவது என்று பல ஆண்டுகளாக யோசித்துவரும் எனக்கு, அவரைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை.

கிரிக்கெட்டில் ஊறிய நம் வாசகருக்கு ஓரிரு விளக்கங்கள். பேஸ்பாலில் பிட்சர் வீசும் பந்து, அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஒரு கற்பனைக் கட்டத்துக்குள் போக வேண்டும். அதற்கு வெளியே போகும் பந்துகளை அடிப்பவர் தொடாமல் விட்டு, அவை நான்கு சேர்ந்துவிட்டால், அவர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். இதற்கு ‘வாக்’ என்று பெயர். கிரிக்கெட்டில் வைடு போட்டால் ஒரு ரன்னோடு போகும். இங்கே ஓர் ஆள் களத்தில் வந்து நிற்பார், அடுத்து வருபவர் அடிக்கும் ஒவ்வோர் அடியும் அவரை, ரன் கிடைக்கும் ‘ஹோம்’ பேஸை நோக்கி நகர்த்தும். வாக் அதிகம் தரும் பிட்சர், எதிரணிக்குத் தானே ஆள் சேர்த்துக் கொடுப்பவர்.

இன்னொன்று ஊதிய விதி. ஓர் இளம் வீரர் மேஜர் லீகுக்கு வந்தபின் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அந்த அணிக்கே கட்டுப்பட்டவர். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியம்தான். 2004இல் அது 3 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டுகள் நடுவர் மன்றத்தின் வழியாக ஊதியம் கூடிக்கொண்டே போகும். ஆறு முடிந்தால் அவர் சுதந்திரமானவர், எந்த அணியோடும் பேசலாம். ஆக, ஓர் இளம் வீரரைக் கொடுப்பது என்றால் அவருடைய மலிவான ஆறு ஆண்டுகளைக் கொடுப்பது என்று பொருள். பேரம் பேசப்படுவது ஆளைப் பற்றி என்று தோன்றினாலும், அளந்து கொடுக்கப்படுவது காலம்.

இப்போது 2004க்குத் திரும்புவோம். மெட்ஸ் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பேரத்தைக் கேலி செய்தவர்கள் அதைச் சொல்வதில்லை. ஜூலைத் தொடக்கத்தில் அந்த அணி தன் பிரிவில் முதலிடத்துக்கு அருகே இருந்தது. மாதப் பிற்பகுதியில் சரியத் தொடங்கினாலும், இரண்டு நல்ல பிட்சர்கள் வந்தால் மீளலாம் என்று நிர்வாகம் நம்பியது. அதே நாளில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கிரிஸ் பென்சனையும் வாங்கினார்கள். ஸம்ப்ரானோ அந்தப் பருவத்தில் 9 வெற்றி, 7 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி, அதாவது ஈ.ஆர்.ஏ., 4.43. அந்த ஆண்டு அமெரிக்கன் லீகின் பொதுச் சராசரி 4.63. பந்துக்கு வேகமும் நெளிவும் இருந்தன. அவற்றைப் பயிற்சியால் உண்டாக்க முடியாது என்பதும், கட்டுப்பாட்டைக் கற்றுத்தரலாம் என்பதும் அன்றைய பொது நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு மெட்ஸிடம் ஓர் உருவமும் இருந்தது. பிட்சிங் பயிற்சியாளர் ரிக் பீட்டர்சன், ஓக்லாந்து அணியில் டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி சீட்டோ என்ற மூன்று இளம் பிட்சர்களோடு பணியாற்றிப் பெயர் பெற்றவர். எறியும் அசைவை அறிவியல் முறையில் படமெடுத்து அளந்து, காயத்தைத் தடுக்கலாம் என்று வாதிட்டவர்களில் முன்னோடி. ஸம்ப்ரானோவின் குறையைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம் என்று அவர் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்த செய்தி, இன்றுவரை அவரை விட்டபாடில்லை. காஸ்மியரோ ஆறடி உயரம்தான். பிட்சருக்கு அது குட்டை. அந்தச் சிறிய உடலை முறுக்கி அவ்வளவு வேகத்தை வரவழைக்கும் கை நெடுநாள் தாங்காது என்ற கவலையும் பேசப்பட்டது. அந்தக் கவலை வெறும் கற்பனை இல்லை. அது எங்கே போய் நின்றது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், அந்தப் பேரம் செய்த அன்றே தவறானது என்பதே என் தீர்ப்பு. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் செய்ததைப் பழிப்பது ஆய்வாகாது என்பதால், அன்று மாலை எவரும் எடுத்துப் பார்த்திருக்கக்கூடிய எண்களை மட்டும் பார்க்கிறேன். முந்தைய ஆண்டு, 2003இல், ஸம்ப்ரானோ 106 வாக் கொடுத்தார். அமெரிக்கன் லீகிலேயே அதுதான் அதிகம். அடிப்பவர் உடம்பில் பட்ட பந்துகளிலும், காட்சர் பிடிக்க முடியாமல் போன காட்டுப் பந்துகளிலும் அந்த ஆண்டு அவருக்கே முதலிடம். 2004இல் பேரம் நடந்த நாள்வரை 128 இன்னிங்ஸில் 96 வாக். ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.75. ஆகஸ்டும் செப்டம்பரும் அவர் மெட்ஸ் ஆடும் வேறு லீகில் இருந்தார். ஆனாலும் பருவம் முடிந்தபோது அமெரிக்கன் லீகில் அதிக வாக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு மாதம் ஆள் இல்லாமலே அந்தப் பட்டியலில் முதலிடம்!

ஈ.ஆர்.ஏ. என்ற எண் இதை ஏன் மறைத்தது? வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் 2001இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரர் அடித்த பந்து களத்துக்குள் விழுந்தபின், அது அவுட்டாவதும் ஹிட்டாவதும் பெரும்பாலும் களக்காரர்களையும் நல்லூழையும் பொறுத்தது, பிட்சரின் பங்கு அதில் நினைத்ததைவிடக் குறைவு என்பது அவர் வாதம். பிட்சர் தன் கையால் நேரடியாகச் செய்பவை மூன்று: ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அடிப்பவரை வெளியேற்றுவது), வாக், ஹோம் ரன். இவற்றை மட்டும் கொண்டு பிட்சரை அளக்கும் முறை இதிலிருந்தே வளர்ந்தது. மெக்ராக்கன் சொன்னதை முழுதும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. பின்வந்தவர்கள் அதைப் பலவாறு திருத்தியிருக்கிறார்கள். ஆனால் 2004 கோடையில் இந்த அறிவு ரகசியமாக இருக்கவில்லை. அதைக் கொண்டு பார்த்தால் ஸம்ப்ரானோவின் 4.43 அவருடைய தகுதிக்கு மேற்பட்ட எண். கொஞ்சம் நல்லூழ் அதில் கலந்திருந்தது. அந்த ஊழுக்கும் சேர்த்து மெட்ஸ் விலை கொடுத்தது.

தடுமாறும் பிட்சரை வாங்கும் எந்த அணியும் உண்மையில் ஒரு வாக்கியத்தை வாங்குகிறது: ‘இவர் ஏன் தடுமாறுகிறார் என்று எங்களுக்குத் தெரியும், முந்தைய அணிக்குத் தெரியவில்லை.’ பூச்சி இலையில் இருக்கிறதா, வேரில் இருக்கிறதா என்று அறிந்தவன் சொல்லக்கூடிய வாக்கியம் அது. இரண்டு பருவமாக, லீகிலேயே அதிகமாக, குறையாமல் நீடிக்கும் வாக் இலையில் விழுந்த பூச்சி இல்லை. அதைப் பத்து நிமிடத்திலோ பத்து வாரத்திலோ உதிர்த்துவிடலாம் என்பதற்குச் சான்று ஏதும் இருக்கவில்லை. சான்று இல்லாத நம்பிக்கைக்கு, கீழ்நிலை மைனர் லீக் ஆட்டங்களில் அடிப்பவர்களைத் திணறவைத்துக்கொண்டிருந்த ஒரு 20 வயதுக் கையின் ஆறு ஆண்டுகளைக் கொடுத்தார்கள்.

நடந்தது இதுதான். ஸம்ப்ரானோ மெட்ஸுக்காக மூன்று ஆட்டங்கள் தொடங்கினார். முழங்கை வலியால் அந்தப் பருவம் முடிந்தது. 2005இல் 7 வெற்றி, 12 தோல்வி. 2006 மே 6 அன்று அட்லாண்டாவுக்கு எதிராக வீசிக்கொண்டிருந்தவர், ஆண்ட்ரூ ஜோன்ஸை ஸ்ட்ரைக் அவுட் செய்த கையோடு மேட்டை விட்டு இறங்கி, நிற்காமல் ஓடி உள்ளே போனார். முழங்கையில் தசைநாண் கிழிந்திருந்தது. மெட்ஸில் அவர் கணக்கு மொத்தம் 10 வெற்றி, 14 தோல்வி, சுமார் 200 இன்னிங்ஸ். தன்னை வாங்கக் கொடுத்த விலைக்காக அவர் பட்ட வசைக்கு அளவில்லை. அந்த விலையை அவர் கேட்கவில்லை. கிழிந்துபோகும்வரை வீசினார்.

காஸ்மியர் பேரம் முடிந்து நான்காவது வாரத்தில், ஆகஸ்ட் 23 அன்று, சியாட்டிலுக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடி, ஐந்து இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி வென்றார். 2006இல் ஆல்-ஸ்டார். 2007இல் 239 ஸ்ட்ரைக் அவுட்டோடு அமெரிக்கன் லீகில் முதலிடம். 2008இல் பெயரிலிருந்து ‘டெவில்’ உதிர்த்த டாம்பா பே முதன்முறையாக இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போனபோது, முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் அவர்.

மெட்ஸின் இழப்பை எங்கே அளப்பது? பலரும் 2004இன் 71 வெற்றி, 91 தோல்வியைக் காட்டுவார்கள். அது பொருத்தமான இடமில்லை. காஸ்மியரை வைத்திருந்தாலும் அந்த ஆண்டு தேறியிருக்காது. அளக்கவேண்டிய இடம் 2007, 2008. 2007இல் 17 ஆட்டங்கள் மீதமிருக்க ஏழு ஆட்டம் முன்னிலையில் இருந்த மெட்ஸ், ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் பிரிவுப் பட்டத்தை பிலடெல்பியாவிடம் இழந்தது. 2008இல், பிரிவுப் பட்டம் பெறாத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் வைல்ட்கார்டு இடத்தை மில்வாக்கியிடம் இழந்ததும் ஒரே ஓர் ஆட்டத்தால்தான். அந்த இரண்டு ஆண்டுகளிலும் காஸ்மியர் டாம்பா பேக்குத் தந்தது 13, 12 வெற்றிகள். ஒரு நல்ல பிட்சர் ஒரு பருவத்தில் ஓர் ஆட்டத்தை மட்டும் கூடுதலாக வென்று தரமாட்டாரா? அந்த இரு செப்டம்பர்களில் மெட்ஸ் ரசிகர் வடித்த கண்ணீரின் ஒரு பங்கு 2004 ஜூலையிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று நான் நம்புகிறேன்.

இனி தராசின் மறு தட்டு. 2008 மே மாதம் டாம்பா பே காஸ்மியரோடு மூன்று ஆண்டுகளுக்கு 2 கோடியே 85 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. அந்த அணிக்கு அது பெரும் தொகை. 2009இல் அவருடைய பந்து வேகம் குறைந்தது, தொடைத் தசை பிடித்தது, ஈ.ஆர்.ஏ. 5.92க்கு ஏறியது. அணி இன்னும் வைல்ட்கார்டு போட்டியில் இருந்தபோதே, ஆகஸ்ட் 28 அன்று, பொது மேலாளர் ஆண்ட்ரூ ஃபிரீட்மன் அவரை ஏஞ்சல்ஸுக்கு அனுப்பினார். வந்தவர்கள்: அலெக்ஸ் டாரஸ் என்ற இடக்கை பிட்சர், மாட் ஸ்வீனி என்ற அடிப்பவர், சில நாள் கழித்து ஷான் ராட்ரிகஸ். அணியின் செல்லப் பிள்ளையை, பந்தயம் முடியுமுன்பே, பணத்தை மிச்சம்பிடிக்க விற்றுவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

முதல் ஆறு ஆட்டங்களில் ஏஞ்சல்ஸுக்குக் கிடைத்தது 1.73 என்ற ஈ.ஆர்.ஏ. பேரம் ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது, ஏஞ்சல்ஸ் ஏமாற்றிவிட்டது என்று அந்தச் செப்டம்பரில் எவரும் எழுதியிருக்கலாம். ஆறு ஆட்டம் எதையும் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அடுத்த முழுப் பருவம், 2010, 9 வெற்றி, 15 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.94. டாம்பா பேயில் கடைசியாக இருந்த 5.92க்கு அது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள். உண்மையான எண் அதுதான், 1.73 ஒரு சிறு வெயில்.

டாம்பா பே செய்தது சரி என்று சொல்வதற்கு நான் 2010ஐ மட்டும் நம்பவில்லை. அன்று தெரிந்தவையே போதும். வேகக் குறைவு அளவிடப்பட்ட உண்மை. கையில் டேவிட் பிரைஸ் இருந்தார். வேட் டேவிஸும் ஜெரமி ஹெலிக்சனும் கீழே காத்திருந்தார்கள். இவர்கள் மூவரும் குறைந்த ஊதியத்தில், ஏறும் வயதில் இருந்தவர்கள். 2010, 2011, விலகல் தொகை எல்லாம் சேர்த்துக் காஸ்மியருக்கு இன்னும் 2 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. தொகையையும் அது நிரப்பப்போகும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, வந்த இளைஞர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பது இரண்டாம் கேள்வி ஆகிவிடுகிறது. அடுத்த ஆண்டு டாம்பா பே 96 ஆட்டங்களை வென்று, யாங்கீஸும் ரெட் சாக்ஸும் உள்ள பிரிவில் முதலிடம் பிடித்தது.

வந்த இளைஞர்களின் கதையும் சுவையானது. ராட்ரிகஸ் ஐந்து பருவம் பல இடங்களில் களத்தடுப்பு செய்து பயன்பட்டார். ஸ்வீனி மேஜர் லீகை எட்டவே இல்லை. டாரஸ் 2013இல் 1.71 ஈ.ஆர்.ஏ.யோடு அருமையாக வீசினார். உடனே அவரையும் இன்னொருவரையும் சான் டியகோவுக்குக் கொடுத்து ஐந்து பேரை வாங்கினார்கள். அந்த ஐவரில் ஒருவரான பிராட் பாக்ஸ்பெர்கர் 2015இல் 41 சேவ்களோடு (நெருக்கமான வெற்றியைக் கடைசியில் காத்து முடிப்பது சேவ்) லீகில் முதலிடம் பெற்றார். மற்றொருவரான லோகன் ஃபோர்சைத்தை 2017 ஜனவரியில் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து ஹோசே டி லியோன் என்ற இளம் பிட்சரை வாங்கினார்கள். டாட்ஜர்ஸ் பக்கம் அந்தப் பேரத்தை நடத்திய நிர்வாகத்தின் தலைவர் அதே ஃபிரீட்மன். டி லியோன் காயத்தில் விழுந்தார். ஒரு விதையிலிருந்து எட்டு ஆண்டு விளைச்சல், பிறகு தரிசு. இளம் பிட்சர் என்பவர் எப்போது வேண்டுமானாலும் உடையக்கூடிய கை என்பதையும் இந்தக் கிளைக்கதை மறக்கவிடுவதில்லை.

இந்த இடத்தில், இளைஞரைக் கொடுப்பது எப்போதும் தவறு என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ், 36 வயது டாயில் அலெக்ஸாண்டரை வாங்க ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இளைஞரை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் அப்போது மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழான டபுள்-ஏ லீகில் 4 வெற்றி, 10 தோல்வி. பின்னாளில் 2015இல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றவர். இதை வரலாற்றின் மோசமான பேரங்களில் ஒன்றாகச் சேர்ப்பது வழக்கம். நான் அந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டேன். அலெக்ஸாண்டர் 11 ஆட்டங்களைத் தொடங்கி 9 வெற்றி, தோல்வியே இல்லை, ஈ.ஆர்.ஏ. 1.53. டெட்ராய்ட் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் பிரிவுப் பட்டத்தை வென்றது. அவர் இல்லாமல் அது நடந்திராது. டெட்ராய்ட் வாங்கியது நிரூபிக்கப்பட்ட திறமையை. ‘எங்களால் சரிசெய்ய முடியும்’ என்ற வாக்கியத்தை அது வாங்கவில்லை.

அந்த வாக்கியமே பலித்த நிகழ்ச்சியும் உண்டு. பால்டிமோரில் நான்கு பருவங்கள் தடுமாறி, அங்கே 5.46 என்ற ஈ.ஆர்.ஏ.யை விட்டுச்சென்ற ஜேக் அரியேட்டாவை 2013 ஜூலை 2 அன்று சிகாகோ கப்ஸ் வாங்கியது. கொடுத்தது ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற பிட்சரையும் ஒரு காட்சரையும். ஃபெல்ட்மனின் ஒப்பந்தமோ சில மாதங்களில் முடிய இருந்தது. உடலுக்குக் குறுக்கே கையை வீசும் அரியேட்டாவின் இயல்பான முறையை பால்டிமோர் மாற்றியிருந்தது. கப்ஸ் அதை அவருக்கே திருப்பிக் கொடுத்தது. 2015இல் 22 வெற்றி, 6 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 1.77, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. 2016இல் கப்ஸ் உலகத் தொடரை வென்றபோது அவர் அங்கே இருந்தார். இங்கே பூச்சி இலையில்தான் இருந்தது, அது எங்கிருந்து வந்தது என்பதையும் வாங்கியவர் அறிந்திருந்தார். அதைவிட முக்கியம், ஒருவேளை கணிப்பு பொய்த்திருந்தாலும் கப்ஸ் இழந்திருக்கக்கூடியது சில மாத ஃபெல்ட்மனும் ஒரு காட்சரும் மட்டுமே. மெட்ஸ் பொய்த்துப்போனால் இழக்கப்போவதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

காஸ்மியரின் கதை 2010இல் முடியவில்லை. 2011 ஏப்ரலில் கான்சஸ் சிட்டிக்கு எதிராக ஓர் ஆட்டம். இரண்டு இன்னிங்ஸ்கூட முடிக்காமல் ஐந்து ரன் கொடுத்தார். மைனர் லீகுக்கு அனுப்பினார்கள். அங்கே ஈ.ஆர்.ஏ. 17ஐத் தாண்டியது. ஜூன் மாதம், சம்பளம் பாக்கியிருக்க, ஏஞ்சல்ஸ் அவரை விடுவித்தது. ஒரு காலத்தில் லீகின் ஸ்ட்ரைக் அவுட் மன்னனாக இருந்தவருக்கு 27 வயதில் விலை பூஜ்யம். டெக்சஸில் ஒரு தனியார் பயிற்சிக் களத்தில் எறிவதை மறுபடி அடியிலிருந்து கற்றார். 2012இல் மேஜர் லீகோடு தொடர்பில்லாத ஷுகர் லாண்ட் ஸ்கீட்டர்ஸ் என்ற அணியில் வீசினார். அங்கேயும் 3 வெற்றி, 6 தோல்விதான். ஆனால் வேகம் திரும்பிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க ஆள் வந்தார்கள்.

2015 ஜூலையில் அவர் மூன்றாவது முறையாகத் தராசில் ஏறினார். ஓக்லாந்தில் 2.38 ஈ.ஆர்.ஏ.யோடு இருந்தவரை, முதலிடத்துக்குப் போராடிக்கொண்டிருந்த ஹூஸ்டன் இரண்டு இளைஞர்களைக் கொடுத்து வாங்கியது. அவர்களில் ஜேகப் நாட்டிங்ஹாம் என்ற காட்சரை ஓக்லாந்து ஏழு மாதத்தில் மில்வாக்கிக்குக் கொடுத்து, கிரிஸ் டேவிஸை வாங்கியது. டேவிஸ் 2018இல் 48 ஹோம் ரன் அடித்து மேஜர் லீகிலேயே முதலாமவர் ஆனார். நாட்டிங்ஹாம் ஓக்லாந்துக்காக ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. நாற்றைத் தன் வயலிலேயே நட்டாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

இடையில் நடந்த ஒரு மாற்றத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். 2013இல் கிளீவ்லாந்து அணி காஸ்மியரை ஒரு மைனர் லீக் ஒப்பந்தத்தில் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. அணியில் இடம் பிடித்தால் 10 லட்சம் டாலர், பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அந்த ஆண்டு அவர் 158 இன்னிங்ஸ் வீசி, 162 ஸ்ட்ரைக் அவுட் செய்து, 10 ஆட்டங்களை வென்றார். கிளீவ்லாந்து 92 வெற்றிகளோடு வைல்ட்கார்டு ஆட்டத்துக்குப் போனது. அவரைப் பெறுவதற்காக அந்த அணி ஓர் இளைஞரையும் கொடுக்கவில்லை.